பதினெட்டு என்று எழுதிய மூச்சு

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், இன்றைக்கு அந்த ஒரு வரி வராமல் கால் மணி நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தேன். அப்பா தேறிவிட்டார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு ஆறு நாள், கூடத்துக்கும் வாசலுக்கும் தானே நடக்கிறார், மூச்சு வாங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சுவிட்ச் போர்டை ஆராய்ச்சி பண்ணுகிற மாதிரி நடிக்கிறார். பசி திரும்பிவிட்டது, கூடவே வாயும் திரும்பிவிட்டது. நலமில்லாதது நான்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. போன வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேனே, மூன்று தடவையும் நீ சொல்லும்மா என்றதும் சாப்பிட்டியா, குளிருக்கு ஒழுங்காப் போத்திக்கோ என்று உளறிவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியவில்லை என்றுதான் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவேன், அசல் தபாலில் வரும், அது உனக்குத் தேவைப்படும். தயவுசெய்து பாதியில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடாதே. உட்கார்ந்து படி.

நோயாளிக்கு மோசமாகப் போகிறதா என்று முன்கூட்டியே சொல்கிற உன் மிஷினை வரும் ஒன்றாம் தேதி இன்னும் ஒன்பது ஆஸ்பத்திரியில் வைக்கப் போகிறார்கள் என்று சொன்னாய். வைக்கக் கூடாது, சிட்டு. நிறுத்து. எப்படியாவது நிறுத்து. அம்மாவுக்கு மிஷின் என்றாலே ஆகாது, துணி துவைக்கிற மிஷினையே ஒரு வருஷம் நம்பாதவள் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரியும். இது அது இல்லை. உன் மிஷின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தப்பு என்னுடையது, அதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை வருஷம் மென்று முழுங்கியதும் நான்தான்.

நீ மேல்படிப்புக்காக வந்து, நான் நர்ஸாக இருந்த ஆண்கள் வார்டில் மூன்று மாதம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். டியூட்டியில் இருந்த ஒருத்தரையும் விடவில்லை, ஒரு ஆளுக்கு மோசமாப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது, ஒண்ணு ரெண்டுன்னு வரிசையாச் சொல்லுங்க, அதை விதியா எழுதி மிஷினுக்குக் கொடுத்துடலாம் என்று பிடுங்கி எடுத்தாய். நாங்களும் சொன்னோம். உதடு நிறம் மாறும் என்றோம், போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுப்பான் என்றோம், நாள் முழுக்க சண்டை போடுகிற ஆள் திடீரென்று அடங்கிப் படுத்தால் நான் உடனே டாக்டரைக் கூப்பிடுவேன் என்று ஹெட் சிஸ்டர் சொன்னார், எல்லாரும் சிரித்தோம், ஆனால் அது உண்மை. நீ நாற்பத்து மூன்று விதி எழுதினாய், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது, மதியம் கண்ணயர்ந்தவன் எல்லாம் ஆபத்தில் இருக்கிறான் என்று மிஷின் கத்தியது, இந்த வழி சரிப்படாது என்று உன் பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாய். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், அம்மா, நீங்க சொல்றது எதுவும் வேணாம், நீங்க எழுதினது போதும், ஒன்பது வருஷத்துச் சார்ட்டைக் கொடுத்தா மிஷின் தானே பாத்துத் தானே கத்துக்கும், விதியே வேணாம் என்று துள்ளினாய். சொல்றதுல மறதி இருக்கும்மா, எழுதினதுல இருக்காது என்றாய். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

நாங்கள் எழுதியது பொய், சிட்டு. காய்ச்சல், பிரஷர், பல்ஸ் எல்லாம் கருவி சொல்வது, அதில் ஏமாற்ற ஒன்றுமில்லை. மூச்சுக்கு எங்கள் வார்டில் கருவி கிடையாது, ஆளின் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். முப்பத்தாறு கட்டில், இரண்டு நர்ஸ், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. யார் நின்று எண்ணுவது? ஆள் பேப்பர் படிக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், பதினெட்டு. அடுத்த கட்டில், பதினெட்டு. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் முப்பத்தாறு சார்ட்டிலும் பதினெட்டு பதினெட்டு என்று போட்டுத் தள்ளியிருக்கிறேன், எனக்கு வேலை பழக்கியவரும் அப்படித்தான், எனக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். இருபத்திரண்டு என்று போட்டால் டாக்டர் ஏன் என்பார், பன்னிரண்டு என்றாலும் ஏன் என்பார், பதினெட்டு யாருக்கும் தொந்தரவு தராத எண். எவனைப் பார்த்து மனசுக்கு என்னவோ சரியில்லை என்று பட்டதோ அவனை மட்டும் நின்று எண்ணுவோம், அப்போதுதான் இருபத்தாறு, முப்பது என்று உண்மையான எண் விழும். சார்ட்டில் பதினெட்டு என்று இருந்தால் இந்த ஆளைப் பற்றி நர்ஸுக்குக் கவலையில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உன் மிஷின் ஒன்பது வருஷத்துச் சார்ட்டில் படித்தது எங்கள் கவலையைத்தான். அது உனக்கும் தெரியாது, மிஷினுக்கும் தெரியாது, எழுதிய எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நீ விசாரிக்காமல் இல்லை. ஹெட் சிஸ்டர் எதிரில் வைத்தே, நாலு மணி நேரத்துக்கொரு தடவை எண்ணுவீங்கதானேம்மா என்று கேட்டாய், ஆமா என்றேன். வேறு என்ன சொல்வேன், பதிவேடு நன்றாக வைப்பவள் என்று மேடையில் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்த வருஷம் அது. மற்ற மூன்று வார்டுகளில் எழுதினதும் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று ஆள் நிறுத்திப் பார்த்தீர்கள், மூன்றும் தேறவில்லை, தள்ளிவிட்டீர்கள். எங்கள் வார்டு முறை வந்தபோது நீ வேண்டாம் என்றாய். அது எங்க அம்மா வார்டு சார், எங்க அம்மா எழுதினா எழுதினதுதான்னு சொல்லிட்டேன்மா என்று வீட்டுக்கு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பாவி, உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அடுத்த வருஷத்துச் சார்ட்டை வைத்துச் சோதித்தபோது நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு சரி என்று குதித்தாய். சரியாக இருக்காதா பின்னே, அதை எழுதியதும் நாங்கள்தானே.

அப்பாவுக்கு நடந்ததை நீ பாதிதான் கேட்டாய், மீதியைக் கேள். சளி கட்டி நெஞ்சுக்கு இறங்கி, நான் வேலை பார்த்த அதே வார்டில்தான் சேர்த்தோம், சுவரில் உன் மிஷினின் திரை, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு விளக்கு, ஆபத்தில்லை என்றால் பச்சை. பக்கத்துக் கட்டிலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற டிரைவர், அவருக்கும் அதே நோய்தான், மனைவி தூரத்து ஊரில், பார்க்க ஆள் இல்லை. வாய் ஓயாத மனுஷன். சிக்னல் பச்சையாத்தானே இருக்கு, நான் வண்டியைக் கிளப்பட்டுமா சிஸ்டர் என்று வருகிற போகிறவரையெல்லாம் கேட்டுச் சிரிக்கவைப்பார், அப்பாவும் அவரும் இரண்டு நாளில் ஒட்டிக்கொண்டார்கள். நாலாம் நாள் பார்வையாளர் நேரத்துக்கு நான் போனபோது அப்பாவின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. நின்று எண்ணினேன். முப்பத்திரண்டு. திரையில் பச்சை. கண்ணாடி போட்ட நர்ஸைக் கூப்பிட்டேன், ஆன்ட்டி, பச்சையிலதான் இருக்கார், டென்ஷன் ஆகாதீங்க என்றாள். சார்ட்டைப் பிடுங்கிப் பார்த்தால் பதினெட்டு. எண்ணினியாம்மா என்று கேட்டேன், அதான் திரையே சொல்லுதே ஆன்ட்டி என்று மெதுவாகச் சொன்னாள். அவள் திரையின் பச்சையைப் பார்த்துப் பதினெட்டு போடுகிறாள், திரை அவளுடைய பதினெட்டைப் பார்த்துப் பச்சை காட்டுகிறது, நடுவில் மனுஷனைப் பார்க்கிறவர் ஒருத்தரும் இல்லை. பல்ஸ் ஏறியிருந்தது, காய்ச்சல் இருந்தது, இருந்து என்ன? பதினெட்டு என்று எழுதின ஆள் பிழைத்துக்கொள்வான் என்று அதற்கு ஒன்பது வருஷத்துச் சார்ட்டில் சொல்லிக்கொடுத்தது நான். உனக்குப் போன் போட்டேன், நான் இங்கேயிருந்தே பாக்கறேன்மா, அப்பா பச்சையிலதான் இருக்கார், நீ பயப்படாதே என்றாய். உன் குரலில் அத்தனை நிம்மதி. போனை வைத்துவிட்டு வராந்தாவில் நின்று கத்தினேன், சிட்டு, மானம் வெட்கம் பார்க்கவில்லை, டாக்டர் ஓடிவந்தார், இருபது நிமிஷத்தில் ஐசியுவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அந்த டிரைவர் மறுநாள் மதியம் போய்விட்டார். நான் ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்தேன், வார்டு ஆயா வந்து சொன்னாள். கடைசி வரைக்கும் பச்சை, சார்ட்டில் கடைசி வரைக்கும் பதினெட்டு. நான் கத்தியதற்குப் பிறகாவது மற்றவர்களை எண்ணியிருக்கலாம், எண்ணவில்லை, வயசான அம்மா பதறிட்டாங்க என்று விட்டுவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன. அதற்கு முந்தின நாள் நான் அங்கே நின்று அப்பாவை எண்ணியபோது அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் மூன்றடிதான் இருக்கும். முப்பத்தொரு வருஷ நர்ஸ் நான், கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும். என் புருஷனை மட்டும் எண்ணிவிட்டு ஓடிவிட்டேன். அதிலிருந்து கண்ணை மூடினால் அந்த முதுகுதான் தெரிகிறது, சோறு இறங்கவில்லை.

அப்பாவிடம் முந்தாநாள்தான் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவர் லிஃப்ட் மெக்கானிக் புத்திதானே, லிஃப்ட் எந்த மாடியில இருக்குன்னு காட்டற விளக்கு வேற, லிஃப்ட் வேற, விளக்கு மூணாவது மாடின்னு காட்டுதேன்னு கதவைத் திறந்து கால் வெச்சவனை நான் தூக்கியிருக்கேன், பிள்ளைகிட்டே இன்னைக்கே சொல்லிடு என்றார். அப்புறம், சிட்டு நொறுங்கிப் போயிடும் என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உன் எட்டு வருஷ உழைப்பு இது என்று எனக்குத் தெரியாதா? கல்யாணப் பேச்சைக்கூட இதற்காகத்தானே தள்ளித் தள்ளிப் போட்டாய். ஆனால் அந்த ஒன்பது ஆஸ்பத்திரியிலும் எத்தனை கட்டில் இருக்கும், எத்தனை பேருக்குப் பக்கத்தில் நர்ஸாக இருந்த பெண்டாட்டி உட்கார்ந்திருப்பாள்? இருபத்தேழாம் தேதி உங்கள் கடைசிக் கூட்டம் என்றாயே, அதில் நீயே எழுந்து சொல்லிவிடு. ஒரு சோதனை வைக்கச் சொல், இரண்டு நாள் ஒவ்வொரு வார்டிலும் ஓர் ஆளை நிறுத்தி மூச்சை எண்ணட்டும், சார்ட்டோடு ஒத்துப் பார்க்கட்டும், நான் சொல்வது பொய்யானால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். எண்ணுகிறவர்கள் முழு நிமிஷம் எண்ண வேண்டும், அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, அதையும் நான் செய்திருக்கிறேன். உனக்குச் சொல்ல முடியாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்கு இதையே சுருக்கி இன்னொரு கடிதம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு அவர் அறைக்குப் போவோம், அப்பாவும் கூட நடந்து வருகிறேன் என்கிறார். ஆனால் நான் போய்ச் சொன்னால் நீ மறைத்ததாகிவிடும், நீ சொன்னால் தன் தப்பைத் தானே கண்டுபிடித்தவளாக இருப்பாய். அதற்காகத்தான் இருபத்தேழு வரைக்கும் பொறுக்கிறேன், இந்த ஒரு வாரத்தில் அந்த வார்டில் யாருக்கு என்ன ஆகுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தினமும் நாலு மணிக்குப் போய் முப்பத்தாறு பேரையும் எண்ணிவிட்டு வருகிறேன். முதல் நாள் காவலாளி தடுத்தான், இப்போது வழி விடுகிறான். கண்ணாடி நர்ஸ் நேற்று கூட நின்று எண்ணினாள்.

என்மேல் கோபம் வந்தால் கோபப்படு, பேசாமல் இருக்கத் தோன்றினால் இரு, நான் தாங்கிக்கொள்வேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் படிப்பும் கெட்டிக்காரத்தனமும் நாலு பேருக்கு உபயோகமாக இருக்க வேண்டும், வேறு வேண்டுதல் எனக்கு இல்லை. இதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்காதே, யாராவது தோழி வீட்டுக்குப் போ, சாப்பிடாமல் படுக்காதே.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கூட்டத்தில் இந்தக் கடிதத்தைக் காட்டும்போது, அந்தச் சார்ட்டை எழுதியது யார் என்று கேட்பார்கள். படித்தால் தெரிந்துவிடும்தான், ஆனாலும் உன் வாயால் எங்க அம்மா என்று சொல்லாதே. அன்றைக்கு அப்படிச் சொன்னதால்தான் சோதிக்காமல் விட்டார்கள், இன்றைக்கும் அப்படிச் சொன்னால் உன்மேல் இரக்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒரு நர்ஸ் என்று மட்டும் சொல், கீழே அப்படியே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆண்கள் வார்டில் எண்ணாமல் எழுதிய நர்ஸ்