சுழியின் மறுபாதி

மழைக்கு ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். பெட்டி நனைந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். அடியில் வைத்திருந்த கடிதத்தில் செம்மஞ்சளாய் ஒரு சதுரம்.

வேங்கை மரம் ஈரம் பட்டால் சாயம் விடும். நீ சொன்னதுதான். "நகை வெக்கிற பொட்டிடா. உள்ள துணி ஒட்டாம குடுத்தா ஜரீனா என்னத் திட்டுவா." துணி ஒட்டியிருக்கிறேன். மற்றதெல்லாம் தப்பு. மூலைகள் சரியாகச் சேரவில்லை. ஆடி வந்தால் மூடி உப்பி இறுகிக்கொள்கிறது. இன்று திறக்கவே முடியவில்லை.

கறை பட்ட கடிதம் உன் தங்கை ஜரீனாவுடையது. ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூருக்கு வருகிறாள். "எம்.ஏ. அண்ணா, பொட்டி எப்படி இருந்தாலும் சரி, எடுத்துகினு போறேன்" என்று எழுதியிருக்கிறாள். நீ வைத்த பட்டப்பெயரை அவள் விடவில்லை. உன் வீட்டில் என்னை இன்னும் அண்ணா என்று கூப்பிடுவது அவள் ஒருத்திதான்.

அதனால்தான் இதை முதலில் உனக்கு எழுதுகிறேன்.

அவசர நிலை முடிந்த மறு வருடம். ஆனிக் காற்றில் மலைமேல் நெல்லிவாசல் பக்கம் ஒரு வேங்கை வேரோடு சாய்ந்தது. பொன்னியம்மாவின் சாமை நிலத்துக்குக் குறுக்கே கிடந்தது. அவள் உழ வேண்டும். மரம் போனால் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். ஃபாரஸ்ட் ஆபீஸ் அனுமதிச் சீட்டு உன் சட்டைப் பையில் இருந்தது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப்பில் பாதி தூரம், நடந்து மீதி.

நீ மரத்தைச் சுற்றி வந்து, வேருக்கு இரண்டு முழம் தள்ளிப் பட்டையைச் செதுக்கினாய். எச்சில் தொட்டுத் தேய்த்தாய். உள்ளே நீர்ச்சுழல் போல ரேகைகள்.

"பாருடா எம்.ஏ. சுழி. எப்பவோ அடிபட்ட மரம். அடிபட்ட எடத்துலதான் இப்படி வரும்."

சுழியின் நடுவே அறுப்பதாகத் திட்டம். ஒரு பாதி பெட்டிக்கு, மறுபாதி மூடிக்கு. மூடினால் இரண்டும் சேர்ந்து முழுச் சுழியாகும். பொங்கல் கழிந்து ஜரீனாவுக்கு நிக்காஹ். இப்போது அறுத்தால்தான் பலகை காய ஆறு மாதம் கிடைக்கும்.

வேர் மண்ணோடு செங்குத்தாக எழுந்து நின்றது, உன்னைவிட உயரமாக. அதற்குப் பின்னால் பெரிய குழி. குழிக்குள் ஏழெட்டுக் கற்கள். முதல் கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

பொன்னியம்மா கூடையோடு வந்தாள். மேலும் ஒரு கல்லைப் போட்டாள்.

"இப்ப அறுக்காதீங்க. கார்த்திக போவட்டும்."

"நீங்கதானம்மா எடுக்கச் சொன்னீங்க?" என்றாய்.

"எடுங்க. வேண்டான்னு சொல்லல. குழி ரொம்பணும். இன்னும் உசிரு கீது அதுக்கு."

"விழுந்து கெடக்குதே!"

"வுழுந்துட்டா செத்துட்டுதுன்னு யாரு சொன்னா?"

நீ ரம்பத்தைக் கீழே வைத்தாய். அதை நான் மறக்கவில்லை. நீ பலகை அறிந்தவன், காட்டு மரம் அறியாதவன். உனக்கே அது தெரிந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடா, பொட்டி லேட்டானா ஆவட்டுமா?" என்று கேட்டாய்.

நான் சென்னையில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவன். எனக்கு மஞ்சள்தான் தெரிந்தது. கல்லின் கனம் தெரியவில்லை.

"கல்லுக்குக் கற்பூரம் காட்டிட்டு வா, அப்புறம் அறுக்கலாம்" என்று சிரித்தேன்.

நீயும் சிரித்தாய். கொஞ்சம் தாமதமாக.

பொன்னியம்மா சிரிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லைக் கொண்டுவரப் போனாள்.

இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று ரம்பத்தை இழுத்தோம். "தள்ளாத, இழு. தள்றது என் வேல இல்ல, உன் வேலயும் இல்ல" என்றாய். வேர்வை. ஈரத் தூள் கையில் பிசுபிசுத்தது. மத்தியானம் தாண்டி ரம்பம் அடி தொட்டது. அடிமரம் துண்டாகிச் சரிவில் ஓர் அடி நகர்ந்து நின்றது. வேரிலிருந்து ஒரு முனகல். அவ்வளவுதான். வேர் அசையவில்லை.

அது அசைந்திருக்கலாம். அப்போதே.

"பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்றேன்.

நீ அறுத்த முகத்தைத் தடவினாய். உன் கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். "மீதி சுழி எவ்ளோ ஆழம் போவுதுன்னு பின்னாடி பாத்துட்டு வர்றேன்" என்று சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாய்.

மரத்தின் பாரம்தான் அத்தனை நாளும் வேரைச் சாய்த்து வைத்திருந்தது. அந்தப் பாரத்தை நாம் அறுத்துவிட்டோம். அறுபடாத வேர்கள் அதைக் குழிக்குள் திரும்ப இழுத்தன. வேரோடு இருந்த மிச்சம் அவசரமே இல்லாமல் எழுந்தது, படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்காருவதைப் போல. "டேய்" என்று ஒரு சத்தம். என்னுடையதா உன்னுடையதா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு அங்கே குழி இல்லை. ஒரு அடிக்கட்டை நேராக நின்றது, ஒருபோதும் விழாததைப் போல.

குழி நிறையக் கல் இருந்திருந்தால் வேர் திரும்ப இடம் இருந்திருக்காது. அது நம்பிக்கை அல்ல, கணக்கு. மலைக்காரர்கள் அதற்கு மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள், யாரும் மறந்துவிடக் கூடாதென்று.

சாயங்காலம் உன் அப்பா வந்தார். மண்வெட்டிகள், ஆட்கள், அழுகை. அவர் பொன்னியம்மாவைப் பார்த்துக் கத்தினார்: "இந்த மலைல பொறந்தவதான நீ? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எம்புள்ளயக் கொன்னுட்டியே!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

அவர் அதே கோபத்தோடு காலமானார். ஜரீனாவும் அதையே நம்புகிறாள். நிக்காஹ் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. "அண்ணன் எடுக்கப் போன மரம் வூட்டுக்கு வரணும்" என்று அவள் கேட்டபோது, அறுத்த துண்டைக் கொண்டுவந்து, உன் உளிகளால் நானே செய்தேன். இரண்டு வருடம் காய வைத்தும் மூடி அடங்கவில்லை. அதில் பாதிச் சுழிதான் இருக்கிறது. ரேகைகள் வளைந்து வந்து விளிம்பில் சட்டென்று நின்றுவிடுகின்றன.

மறுபாதி அங்கே நிற்கிறது.

சென்ற மாதம் தனியாகப் போனேன். அடிக்கட்டை துளிர்த்து, என் உயரத்துக்கு வந்துவிட்டது. பொன்னியம்மா அதைச் சுற்றித்தான் உழுகிறாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"சொல்லிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"நான் இன்னும் அந்தப் பேரோடதான் கீறேன், தம்பி."

திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

ஜரீனா வந்ததும் பெட்டியைத் தருவேன். பிறகு, உட்காரு என்பேன். நீ ரம்பத்தைக் கீழே வைத்ததையும், நான் சிரித்ததையும் அந்த வரிசையிலேயே சொல்வேன். அதன்பின் அவள் என்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று தெரியாது. கூப்பிடாமலே போகலாம். ஆனாலும் மதிய பஸ்ஸில் மலைக்கு வரச் சொல்லிக் கேட்பேன். பொன்னியம்மாவின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்ல வேண்டும். ஜரீனா வராவிட்டாலும் நான் போவேன்.

மழை இன்னும் விடவில்லை. கையில் சாயம் ஒட்டியிருக்கிறது, கழுவியும்.

அந்த மரத்தின் முன்னால் நிற்கும்போது நான் வேர்ப் பக்கம், நீ இறங்கிய பக்கம் நிற்பேன்.