தோற்றவர் கல்லும் உன் சிரிப்பும்

பாய், இன்று காலை நம் கல்லுக்கு யாரோ சந்தனம் பூசிச் சாமந்திப்பூ வைத்திருந்தார்கள். எந்தக் கல் என்கிறாயா? உன் டீக்கடை வாசலில் கிடக்குமே, என் ஆட்டோவுக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்காத காலத்தில் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்போமே, அதுதான். இப்போது அதை நகர்த்தினால் அடிக்க வருவார்கள்.

எல்லாம் உன் வாய் செய்த வேலை. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க உத்திரமேரூருக்கு வந்த ஒருவர், போனை நீட்டி, "இந்தக் கல்லுக்கு ஏதாவது கதை இருக்கா?" என்று உன்னைக் கேட்டார். டீ ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "இன்னாபா இப்டி கேட்டுட்ட? சோழராஜா காலத்துல எலெக்‌ஷன்ல தோத்தவங்க குந்துன கல்லு இது. இதுல குந்தி எழுந்தா அடுத்த தபா ஜெயிப்பு கேரண்டி!" சொல்லி முடித்ததும் தோள் குலுங்கச் சிரித்தாய். டீ தளும்பி என் சட்டையில் கொட்டியது. அவரும் சிரித்தார்.

அவர் போட்ட வீடியோவில் அந்தச் சிரிப்பு இல்லை. வெட்டிவிட்டார். பேச்சு மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. பரீட்சையில் தவறியவர்கள், வார்டு தேர்தலில் தோற்றவர்கள் என்று கூட்டம் வருகிறது. கல்வெட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கல்லில் உட்காருகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். உன் மகனுக்குக் கடையில் வியாபாரம் நடக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல்.

உண்மையைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். "அது சும்மா கல்லுங்க. நான்தான் ஆட்டோவுக்கு முட்டு வெச்சிக்கினு இருந்தேன்" என்றால், உடனே தங்கள் போனிடம் கேட்கிறார்கள். அதுவும் கூசாமல், 'ஆயிரம் ஆண்டுப் பழமையான கல் என்று உள்ளூர் மக்கள் நம்புகிறார்கள்' என்கிறது. "பாருங்கண்ணா, ஏஐயே சொல்லுது!"

உள்ளூர் மக்களாம்! நீ ஒருத்தன்தானே பாய் அந்த உள்ளூர் மக்கள்? அந்த வீடியோவில் இந்தியில் வேறு உன்னைப் பேச வைத்திருக்கிறார்கள். வாய் உன்னுடையது, குரல் யாருடையதோ. பார்க்கிறவர்கள் நீ ஏதோ பெரிய மகான் என்று நினைக்கிறார்கள். உன்னைப் போய்! நீ இறந்தது ஒரு பக்கம். நீ விளையாட்டுக்காரன் என்பதும் சேர்ந்து செத்துவிடுமோ என்றுதான் எனக்குக் கவலை.

இன்று என் ஆட்டோவில் வந்தவள் பரீட்சையில் தவறிய பெண். கல்லில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கை கூப்பினாள். வாதாட எனக்குத் தெம்பில்லை. உன் கதையை நீ சொன்னபடியே சொன்னேன். கேரண்டி என்றதும், தோளைக் குலுக்கி உன் சிரிப்பைச் சிரித்தேன்.

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். "அண்ணா, அப்போ இது பொய்யா?"

"ஆமாம்மா. எங்க பாய் வுட்ட பொய்யி. அவரு இப்டித்தான் சிரிப்பாரு."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

அவர்கள் வெட்டிப் போட்ட சிரிப்பு என்னிடம் இருக்கிறது, பாய். இனி வருகிற ஒவ்வொரு சவாரிக்கும் சிரித்துக் காட்டுவேன். வயசாகிவிட்டது, தோள்தான் வலிக்கிறது.