உன் ரூமில் எரியாத மூன்றாவது விளக்கு

அக்கா,

நேற்று சாயங்காலம் மாரண்டஹள்ளி மண்டியிலிருந்து வந்து வண்டியை நிறுத்துகிறேன், ஹால் இருட்டாகக் கிடந்தது. கரண்டில் ஒரு பேஸ் போய்விட்டதாம். ஆனால் பின்கட்டில் உன் ரூம் ஜன்னலில் மட்டும் வெளிச்சம். தை மாதம் உன்னைக் கொண்டுபோய் அடக்கம் செய்த பிறகு அந்த ரூமை யாரும் அதிகம் திறப்பதில்லை. என் பெண்டாட்டி மல்லிகா ஏதோ சாமான் எடுக்கப் போய் லைட்டை அணைக்க மறந்திருக்கிறாள். அணைக்கலாமென்று உள்ளே போனேன்.

உன் டிவிக்குப் பின்னால், சுவர் பிளக்கில், நான் மாட்டிய அந்த வெள்ளை டப்பா அப்படியே இருந்தது. அதில் மூன்று பொட்டு விளக்குகள். இரண்டு எரிந்தன. மூன்றாவது எரியவில்லை. ஹாலில் இருக்கும் ஜோடி டப்பாவோடு பேச்சு ஏற்பட்டால்தான் அது எரியும். ஹாலில்தான் கரண்ட் இல்லையே, எப்படி எரியும் என்று உன் கட்டில்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹாலிலும் கரண்ட் வந்தது. அப்போதும் அது எரியவில்லை.

ஹாலில் கரண்ட் இல்லாதபோது உன் ரூமில் எப்படி இருந்தது? அதை யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. உன் ரூமுக்கு மீட்டரே வேறு அல்லவா? வைத்தவனே நான்தானே?

மாமா போன பிறகு நீ இங்கே வந்த வருஷம் நடந்தது அது. ஒரு வீட்டுக்கு ரெண்டு மீட்டர் இருந்தால் இலவச யூனிட் ரெண்டு தடவை கிடைக்கும் என்று ஊரில் பாதிப் பேர் செய்வதைத்தான் நானும் செய்தேன். பின்கட்டுக்கு உன் பேரில் தனி கரண்ட் சர்வீஸ். பார்க்க வருகிற கரண்ட் ஆபீஸ்காரர்களுக்கு இது தனிக் குடும்பம் என்று காட்ட வேண்டுமே, அதற்காக உன் ரூமில் ஒரு அடுப்பு வைத்தோம். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுப்பை எடுத்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும் உடுடா, எனக்கு ஒரு டீத்தண்ணி வெச்சிக்கறேன்" என்றாய். டீத்தண்ணியில் தொடங்கியது ரசமாகி, சோறாகி, ஒரு நாள் பார்த்தால் நீ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை. யாரும் உன்னைப் போகச் சொல்லவில்லை. யாரும் வா என்றும் சொல்லவில்லை.

நம் கவியின் கல்யாணத்தை எடுத்துக்கொள். மல்லிகா நர்ஸ் வேலைக்கு ஓடிய காலமெல்லாம் என் மகளை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நீ. தர்மபுரி மண்டபத்தில் அவள் கழுத்தில் தாலி ஏறும்போது நீ எங்கே இருந்தாய்? ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு. "தாலி அறுத்தவ முன்னால நின்னா ஆளுக்கொரு பேச்சு பேசுவாங்க. நான் இங்கயே இருக்கறேன், சாமானும் பத்திரமா இருக்கும்" என்று நீயே சொல்லிக்கொண்டாய். நீயே சொன்னதால் எனக்கு வேலை மிச்சம். கெட்டி மேளச் சத்தம் மட்டும்தான் உன் பங்குக்கு வந்தது.

பிறகு கல்யாண வீடியோ வந்தது. சம்பந்தி வீட்டார் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வருகிறார்கள், எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து பெரிய டிவியில் பார்ப்பது என்று ஏற்பாடு. "நீயும் பாக்கணும்ல அத்தை, பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன்" என்றாள் கவி. நீ தலையாட்டவில்லை. "தனியா ஒக்காந்து பாத்து என்ன கண்ணு பண்றது? நீங்கல்லாம் பாத்துச் சிரிக்கறப்பவே நானும் பாக்கணும்" என்றாய்.

இதைவிட ஒரு மனுஷி எப்படித்தான் கேட்பாள்? என் மண்டையில் அது ஒயர் சமாச்சாரமாகத்தான் ஏறியது. ஹாலில் ஓடுகிற படம் அதே நேரத்தில் பின்ரூமிலும் ஓட வேண்டும், அவ்வளவுதானே. "ஒன் ரூம்லயே வர வெக்கறேன்க்கா, கவலைய உடு" என்றேன். சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சம்பந்தி முன்னால் உன்னை எங்கே உட்கார வைப்பது என்ற யோசனை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அது தீர்ந்ததே என்ற நிம்மதி.

நடுவில் கருங்கல் சுவர், வைஃபை தாண்டாது. புது பெயின்ட் அடித்த சுவரைத் துளைத்து ஒயர் இழுக்க மல்லிகா விடவில்லை. அப்போதுதான் இந்த டப்பா ஜோடியை வாங்கினேன். வீட்டுக் கரண்ட் ஒயருக்குள்ளேயே படத்தை அனுப்பிவிடும் என்றார்கள். ஹாலில் ஒரே போர்டில் ரெண்டையும் சொருகிப் பார்த்தேன், மூன்று விளக்கும் ஜம்மென்று எரிந்தன. உன் ரூமுக்குக் கொண்டுவந்தால் மூன்றாவது செத்துப்போனது. ஜங்ஷன் பாக்ஸில் மாட்டினால் தடுக்கும் என்று படித்து நேராகச் சுவரில் மாட்டினேன். ஓடுகிற மெஷின்கள் சிக்னலைக் கெடுக்கும் என்று மோட்டாரை நிறுத்தினேன். பிரிட்ஜை நிறுத்தினேன், பால் திரிந்து மல்லிகாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூடவே வந்த சின்னப் புத்தகத்தில், ரெண்டு டப்பாவும் ஒரே மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நம் வீடுதானே, ஒரே மீட்டர்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். உன்னைத் தனிக் குடும்பமாக்கியதை நான் மறந்தே போயிருந்தேன்.

நான் பிளக்கும் கையுமாக அலைவதைக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "உடுடா, வேர்த்துக் கொட்டுது பாரு. மூணாவது லைட்டு எரியாட்டி என்ன இப்ப?" என்றாய். "எரியும்க்கா, நேரமாகும்" என்றேன். அதற்குள் வாசலில் சம்பந்தி கார்.

தக்காளி ஏலம் விடுகிறவனுக்கு வாய் சும்மா இருக்குமா? வீடியோவைப் போட்டுவிட்டுச் சம்பந்தியிடம் பெருமை அடித்தேன். "அக்காவுக்கு மூட்டு வலிங்க, ஒக்கார முடியாது. அதான் இதே படத்த அவங்க ரூம்லயும் ஓட உட்டிருக்கறேனுங்க." உனக்கு எங்கே மூட்டு வலி? அவர் "அட, பரவால்லீங்களே" என்றார். நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். "அக்கா, வருதா?"

கொஞ்சம் பொறுத்து உன் குரல் வந்தது. "வருதுடா, நல்லா தெரியுது."

எழுந்து வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். வரவில்லை. மாப்பிள்ளை மாலையைத் தவறவிட்ட இடத்தில் ஹாலே சிரித்தது. ஒரு கணம் கழித்துப் பின்ரூமிலிருந்து உன் சிரிப்பு கேட்டது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான், எங்களுக்குப் பின்னால் ஒரு கணம். "ஒயர்ல போவுதுல்லீங்க, கொஞ்சம் லேட்டாகும்" என்று சம்பந்திக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

நேற்றுதான் புரிந்தது. படம் வரவே இல்லை. வர வழியே இல்லை. வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சிரிப்பதைக் கேட்டுக் கேட்டு நீ சிரித்திருக்கிறாய். உன் தம்பி நான், சம்பந்தி முன்னால் தலை குனியக் கூடாது என்று. நீ பார்த்துவிட்டாய் என்று நினைத்ததால் பென் டிரைவும் உன் கைக்கு வரவில்லை. பிறகாவது கேட்டிருக்கலாமே அக்கா. கேட்டால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதனால் கேட்காமலே போய்விட்டாய். நீ வளர்த்த பெண்ணின் கல்யாணத்தை நீ பார்க்கவே இல்லை. ஹாலில் அன்றைக்கு இடமும் இருந்தது, நாற்காலியும் இருந்தது. "வாக்கா, இங்க ஒக்காரு" என்று சொல்ல எந்த டப்பாவும் தேவைப்பட்டிருக்காது.

டப்பாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. ஓசூரிலிருந்து கவி. உன்னைக் கனவில் கண்டாளாம். "அப்பா, ஸ்டோர் ரூம்லயே இருந்துச்சே அத்தை. அப்புறம் வீடியோவாச்சும் முழுசாப் பாத்துச்சா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பாத்துச்சு கண்ணு. நல்லா தெரியுதுன்னு சொல்லுச்சு" என்றேன்.

என் மானத்தைக் காப்பதற்காக நீ சொன்ன பொய் அது. நேற்று அதே பொய்யை, அதே மானத்துக்காக, நானும் சொல்லிவிட்டேன் அக்கா.