இட்லியை நிறுத்திய வாரம்

நைனா,

“விடுங்க, அவர் எங்க நைனா.” அன்று மலைக்கோயில் படியில் நான் சொல்லாமல் விட்டது இந்த நான்கு சொற்களைத்தான். இன்று எதிர்வீட்டு அக்கா அதே மலைக்குப் போய்வந்து பஞ்சாமிர்த டப்பா ஒன்றைக் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் கலந்த வாசனை. அப்படியே மூடிவிட்டேன்.

நாம் மலைக்குப் போன அந்த வாரம்தான், உங்கள் சர்க்கரை நோய்க்காகக் காலை இட்லியை நிறுத்தியிருந்தேன். படித்ததெல்லாம் சரிதான். இட்லியின் மாவுச்சத்து சீக்கிரமே சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும். கொள்ளு மெதுவாக, கொஞ்சமாகத்தான் ஏற்றும். கொள்ளுச் சுண்டல் கிண்ணத்தை வைத்தபோது, “இன்னாம்மா, என்ன குதிரையாக்கப் பாக்கிறியா?” என்று சிரித்துக்கொண்டே தின்றீர்கள். ஆனால் இன்சுலின் ஊசியை மட்டும் இட்லி தின்ற நாட்களின் அளவிலேயே போட்டேன். சாப்பாடு மாறினால் ஊசியையும் டாக்டரைக் கேட்டு மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஊசியோடுதான் அன்று மலைப்படி ஏறினோம். இறங்கும்போது உங்கள் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. நாக்கு குழறியது. மேலே வாங்கிய பஞ்சாமிர்தத்தை என் பையிலிருந்து பிடுங்கி விரலால் வழித்தீர்கள். திருட்டுத்தீனி என்று நினைத்து உங்கள் கையில் ஓங்கி அடித்தேன். டப்பா படிகளில் உருண்டது. நீங்கள் என் கன்னத்தில் அறைந்து கூந்தலைப் பிடித்து இழுத்தீர்கள். குடித்த காலத்தில்கூட என்மேல் கை வைக்காதவர் நீங்கள்.

“குடிச்சிகினு வந்து பொம்பளைய அடிக்கிறியாடா?” மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஒருவன் இடுப்பில் உதைத்தான். இன்னொருவன் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. பின்னந்தலை கல்படியில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. மூன்று வருடமாக விட்டிருந்த குடியை எனக்குத் தெரியாமல் மறுபடி தொட்டுவிட்டீர்கள் என்று நானும் நினைத்தேன். படட்டும் என்று நின்றேன்.

பூ விற்கும் அம்மா ஒருத்தர்தான் குனிந்து உங்கள் வாயை முகர்ந்தார். “வாசனையே இல்லியே. சுகர் பேஷண்ட்டாம்மா?”

“ஆங்.”

“எங்க வூட்டுக்காரருக்கும் சுகர் எறங்கினா இப்படித்தான் ஆவும்.” தன் டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்.

கால் மணி நேரத்தில் தெளிந்தீர்கள். என் கன்னத்தைப் பார்த்து, “யாரும்மா உன்ன அடிச்சது?” என்று கேட்டீர்கள்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்றீர்கள்; நான் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள் காலை வாந்தி எடுத்து மயங்கினீர்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர் கேட்டபோது, படியில் வழுக்கி விழுந்தார் என்றேன். அன்று மாலை இறந்துபோனீர்கள்.