கிணற்றில் நான் குதிக்கவே இல்லை

24-9-95
தோப்பில் சொட்டுநீர்க் குழாய் போட வந்திருக்கும் இஸ்ரேல்காரர் எலியேசருக்கு இன்று மோட்டார் சூட்சுமம் பூராவும் சொல்லிக்கொடுத்தேன். அசந்துபோனார். (சொல்லிக்கொடுத்தது அவர்.)
சாயங்காலம் தங்கச்சி பழனியாத்தாள் போன் செய்தாள். அவள் மகள் லோகப்பிரியாவைப் பார்த்துப் போன அவிநாசி மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்களாம். "சின்னதுல தலையில அடிபட்டு மூணு நாள் நெனப்பில்லாம கெடந்த புள்ளையாமான்னு கேக்கறாங்கண்ணா. எவன் சொல்லியிருப்பான்?"
நான்தான். பொண்ணு சின்ன வயதில் கிணற்றில் விழுந்து தலையில் அடிபட்டு மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள், தாய்மாமன் நான் அறுபதடி குதித்து உசிரை மீட்டேன் என்று அவர்களிடம் அளந்துவிட்டேன். பிள்ளை வழுக்கியது வாய்க்காலில். முழங்காலில் சிராய்ப்பு.
அவளிடம் இதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

28-9-95
அவிநாசி கோயிலில் தேம்பித் தேம்பி அழுதேன். குருக்களே கலங்கிவிட்டார். உடம்பு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது.
மாப்பிள்ளை வீடு நாலு தெரு தள்ளித்தான். போகவில்லை.

2-10-95
எலியேசருக்குப் புதன்கிழமை முழுப்பட்டினி. யூதர்கள் பாவமன்னிப்புக் கேட்கும் நாளாம். மனுசனுக்குச் செய்த தப்பை அந்த மனுசனிடமே கேட்காவிட்டால், சாமியிடம் கேட்டுப் பலனில்லையாம். என் எட்டாங்கிளாஸ் இங்கிலீஷுக்கு எட்டியது அவ்வளவு.
கோயிலில் அழுததைச் சொன்னேன். "நல்லது. ஆனால் நீங்கள் செய்தது என்ன?" என்றார். விதி, கர்மா, ஜாதகம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லது. செய்தது என்ன?"
அழுதும் ஆச்சு, விளக்கியும் ஆச்சு. அந்த ஒரு வரி மட்டும் ஏன் வாயில் வரமாட்டேன் என்கிறது?

4-10-95
லோகப்பிரியாவிடம் போனேன். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் பார்த்தால், மோசமான சம்பந்தத்திலிருந்து அவளைக் காப்பாற்றியவனாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்!
"மாமா, மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, கதை சொல்ல வந்தீங்களா?"

5-10-95
மறுபடியும் போனேன். "நீ கிணத்துல உழுகல அம்மணி. நாந்தான் பொய் சொன்னேன், அதுல உன்ற சம்பந்தம் போச்சு." அவ்வளவுதான். அப்புறம்தான் அழுகை வந்தது. இது வேறு அழுகை, உடம்பு லேசாகவில்லை.
"எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சுங்க மாமா. இதையே அவங்க ஊட்லயும் சொல்லுங்க."

8-10-95
மழை. அவிநாசி போகவில்லை.
(மழை பெய்யவில்லை.)

29-10-95
போனேன். வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கருமத்தம்பட்டிப் பொண்ணாம், கல்யாணம் முடிந்து மூன்று நாள்.
பையனின் அம்மாவிடம் சொன்னேன். "இப்பச் சொல்லி என்னங்க ஆகப்போகுது?" என்றார்.
திரும்பி வந்து லோகப்பிரியாவிடம் நடந்ததைச் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. மழை என்று சும்மா இருந்ததையும் சொன்னேன்.
"சரிங்க மாமா" என்று என் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இன்னும் குடித்து முடித்திருக்கவில்லை.