மூடாத தகரப் பெட்டி

அக்கா,

பாசிப்பயறு வறுபடுகிற வாசனை வீடு முழுக்க இருக்கிறது. எஸ்தர் வறுக்கிறாள். அவளுக்கு இப்போது பதினைந்து வயது. பயறு கருகாமல் இருக்க அடுப்பை எப்போது தணிக்க வேண்டும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இன்று காலை வெளியே இழுத்து, துடைத்து, திறந்து வைத்திருக்கிறேன். அதன் மூடியில் நீங்கள் கைப்பட எழுதிய எங்கள் பாளையங்கோட்டை முகவரி இன்னும் அழியவில்லை. உங்கள் கையெழுத்து நன்றாக இருந்ததால் உங்களை எழுதச் சொன்னேன் என்று அப்போது சொன்னேன். உண்மையில், அந்த முகவரியை என் கையால் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் போய்விட்டதாக உங்கள் தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தபாலட்டையில் எழுதியிருந்தார். நான்கே வரிகள். அட்டை கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் குவாட்டர்ஸுக்கும் உங்கள் குவாட்டர்ஸுக்கும் நடுவே ஒரு வேலிதான் இருந்தது. நீங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி. நான் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிளாக்கரின் மனைவி. சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு, முப்பது வயதுக்கு மேல் கல்யாணமாகி, கடல் தாண்டி இலங்கைக்கு வந்தவள். கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு நான் போகக்கூடாது. மேலே துரை பங்களாவுக்கு அழைத்தால் மட்டும் போகலாம். நடுவில் நாலு அறையும் ஒரு முற்றமும். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு நெற்றியில் திருநீற்றோடு வேலியைத் தாண்டி வந்து, என் அடுக்களை முக்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்த ஒரே ஆள் நீங்கள். என் மகன் பிறந்தபோது முதலில் தொட்ட கையும் உங்களுடையது.

ஒன்பது வருஷத்துக்கு முன், எஸ்தருக்கு ஆறு வயது, அவள் தம்பிக்கு நான்கு. ஐப்பசி மாதம் பாளையங்கோட்டையில் இருந்த அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. "இந்தக் கிறிஸ்மஸுக்காவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னவோ." அவர் மிகைப்படுத்திப் பேசுகிறவர் அல்லர். பிள்ளைகளை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்கே பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

பிறகுதான் அனுமதிச் சிக்கல் வந்தது. நாங்கள் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள். இங்கே தங்கியிருக்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம், பதில் வரவில்லை. பதில் வருவதற்குள் தலைமன்னாரில் கப்பல் ஏறினால் திரும்பி உள்ளே விடுவார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் கணவர் பதுளை அரசாங்க அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் வந்தார். இரண்டாம் முறை வந்து, நனைந்த சப்பாத்தைக் காலிலிருந்து கழற்றிக்கொண்டே சொன்னார்: "போறதுக்கு யாரும் தடுக்க மாட்டாங்களாம். வாறதுக்குத்தான் யாரும் பொறுப்பு இல்லையாம்."

நீயும் பிள்ளைகளும் அங்கே, நான் இங்கே என்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. போவதில்லை என்று அன்று மாலையே முடிவாகிவிட்டது.

பிள்ளைகளிடம் மட்டும் சொல்லவில்லை. ரயில் பாதையில் மண் சரிந்திருக்கிறது, நாளைக்குப் போவோம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மழை எனக்கு உதவியது. அந்த மார்கழி முழுக்க மழை. பதுளைக்கு பஸ்கூட ஒழுங்காக ஓடவில்லை. பிள்ளைகள் அழாமல் இருக்க, தாத்தா வீட்டுக் கிறிஸ்மஸைக் கதையாகச் சொன்னேன். விடியுமுன்னே பாட்டுக்காரர்கள் வருவார்கள். முன்னால் ஒருவர் விளக்குப் பிடித்திருப்பார். மத்தளமும் தாளமும் கேட்கும். வாசலில் நின்று பாடுவார்கள். நாம் தட்டில் முந்திரிக்கொத்து எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். பயறு வறுத்து, வெல்லப் பாகில் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்து, ஒரு டின் நிறைய வைத்திருந்தேன். பயணத்துக்கு என்று.

நீங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முதலில் கேலிதான். "என்ன பி.ஏ. அம்மா, இண்டைக்கும் ரயில் வரேல்லையோ?"

ஒரு நாள் கேலி நின்றது. தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு பெட்டியின்மேல் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான். அவனைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து சொன்னீர்கள்: "எத்தினை நாளைக்கு உந்தப் பொய்? போகேலாது எண்டு சொல்லும். அதுகள் அழும். அழுது போட்டு விளையாடும். இப்பிடிச் செருப்போட நித்திரை கொள்ள விடாதையும்."

"சின்னப் பிள்ளைங்கக்கா. அதுகளுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் எப்படிச் சொல்றது?"

"பாஸ்போர்ட்டை ஏன் சொல்லுறீர்? ஏலாது எண்டு மட்டும் சொல்லும். உமக்குத்தான் அதைச் சொல்ல ஏலாமல் கிடக்கு."

அது உண்மையாக இருந்தது. அதனால்தான் அடுத்து இதைச் சொன்னேன். "உங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்கு இது விளங்காது."

மலையில் நானூறு பிள்ளைகளைக் கையில் வாங்கியவரிடம் அதைச் சொன்னேன். தேநீரில் பாதி மிச்சம் இருந்தது. கிண்ணத்தை ஓசைப்படாமல் வைத்துவிட்டு வேலியைத் தாண்டிப் போனீர்கள். மூன்று நாள் நாலு மணி வெறுமையாக வந்து போனது. வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் வெள்ளைச் சேலை உலர்வதைப் பார்த்தேன். நான் வந்து பேசியிருக்கலாம். பேசவில்லை.

கிறிஸ்மஸ் அன்று துரை வீட்டுப் பெருநாள் என்பதால் விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டு இல்லை. ஆனால் மார்கழி பஜனைக்கு லீவு ஏது? மாரியம்மன் கோவிலிலிருந்து விடியுமுன்னே புறப்பட்டு லயங்களைச் சுற்றிப் பாடிப் போவார்கள். எங்கள் குவாட்டர்ஸ் பக்கம் ஏறமாட்டார்கள். கீழே ரோட்டில் போகும் சத்தம் மட்டும் கேட்கும். அந்நேரம் நாங்கள் பாதித் தூக்கத்தில் இருப்போம். அன்று எஸ்தர் தூங்கவில்லை.

"அம்மா! வந்துட்டாங்க! தாத்தா வீட்டுப் பாட்டுக்காரங்க!"

நான் எழுவதற்குள் கதவு திறந்திருந்தது. ஒரு கையில் தட்டு, மறு கையில் தம்பி. மூடுபனிக்குள் கல்படிகளில் இறங்கி ஓடினாள். கீழே ஒரு விளக்கு அசைந்தது. மத்தளம், தாளம். நான் சொன்னது எல்லாம் சொன்னபடியே இருந்தது. நான் பின்னாலே ஓடினேன்.

பாட்டு நின்றுவிட்டது. விளக்குப் பிடித்திருந்த பெரிய கங்காணி திகைத்துப்போய் நின்றார். தலைப்பாகையை அவிழ்க்கவா கட்டவா என்று கை தடுமாறியது.

"அம்மா கூப்பிட்டு விட்டீங்களாங்க? பாப்பா ஓடியாந்துச்சு. எங்க பாட்டு தூக்கத்தைக் கெடுத்துருச்சுங்களா?"

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? பாடுங்க. பாடினாத்தான் இது" என்று எஸ்தர் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "கறாரான பாப்பாதான்!" கங்காணி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். முருகன் மேல் ஒரு பாட்டு. அந்தப் பனியில், எங்கள் படிக்கட்டின் அடியில் நின்று, முழுப் பாட்டையும் பாடினார்கள்.

அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். பத்தாம் லயத்தில் ஒரு பிரசவம் முடித்துவிட்டு, கையில் பையோடு, வீட்டுக்குத் திரும்பும் வழியில் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றீர்கள்.

பாட்டு முடிந்தது. எஸ்தர் என் சேலையைப் பிடித்தாள். "இவங்க தாத்தா அனுப்பினவங்களா? நம்மளக் கூட்டிக்கிட்டுப் போக வந்தாங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றீர்கள், அவ்வளவுதான்.

"இல்லை" என்றேன். "இவங்க நம்ம தோட்டத்து ஆளுங்க. நாம தாத்தா வீட்டுக்குப் போகலை. போக முடியாது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் முடியாது."

"அப்போ பெட்டி எதுக்கு?"

அவள் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துத் தம்பியும் அழுதான். கங்காணி பதறிவிட்டார். "பாட்டு புடிக்கலையா பாப்பா? வேற பாட்டுப் பாடுறோம். நம்ம மத்தளக்காரருக்கு இது சரியா வராது, அதான்." மத்தளக்காரர், "ஆமா, ஒங்க கொரலு ரொம்ப சரியா வந்துச்சு" என்று முணுமுணுத்தார். எஸ்தர் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். தட்டை நீட்டினாள்.

நீங்கள் முன்னே வந்து ஒன்றை எடுத்துக் கடித்தீர்கள். வெகுநேரம் மென்றீர்கள். "கல்லு. பி.ஏ.யிலை உது படிப்பிக்கேல்லைப் போல" என்றீர்கள். அன்று நாலு மணிக்கு முக்காலி வெறுமையாக இல்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் அதற்கு இடம் தரவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். இடம் இருந்தது. நான்தான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், கேட்பதால் யாருக்கும் பயனில்லாதபோது.

அடுத்த மாசியில் அப்பா இறந்தார். தந்தி வந்தது. அதற்கும் நான் போகவில்லை. அனுமதி அதற்கு அடுத்த மாதம் வந்தது.

அந்த வருஷத்துக்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸ் விடியற்காலையும் பஜனைக்காரர்கள் எங்கள் படிக்கட்டுவரை ஏறி வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை, ஒருமுறை நடந்தது வழக்கமாகிவிட்டது. கங்காணிக்கு முதல் முந்திரிக்கொத்து. நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் எஸ்தர் உங்கள் பங்கை எடுத்து வைப்பாள். தம்பிக்குக் கிறிஸ்தவக் கீர்த்தனை ஒன்றுகூட முழுதாகத் தெரியாது. முருகன் பாட்டு எட்டுத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிற வீட்டில் இதைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

இந்த முறை எங்கள் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். பங்குனிக்குள் போய்விட வேண்டும். அன்று போகவிடாமல் வைத்த அதே தாள்தான் இன்று இருக்கவிடாமல் அனுப்புகிறது. அப்பா இல்லாத ஊருக்குப் போகிறேன். பிள்ளைகளோ தாங்கள் ஒருநாளும் பார்க்காத ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள். திரும்பி என்றுதான் தாளில் எழுதியிருக்கிறது.

சற்று முன் எஸ்தர் அடுப்பைத் தணித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அம்மா, பாளையங்கோட்டையிலே கிறிஸ்மஸுக்கு பஜனை வருமா?"

அங்கே பாட்டுக்காரர்கள் வருவார்கள், விளக்கு இருக்கும், மத்தளம் இருக்கும் என்று பழைய கதை நாவில் வந்து நின்றது. அன்று போலவே நீங்கள் பனியில் பையோடு நின்று என்னைப் பார்ப்பதாகத் தோன்றியது.

"வராது" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பயறு ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள்.