சந்தனம் இழைத்த தீட்டுக்கல்

கீழச்சிந்தாமணி, திருச்சி
12-1-1963

அன்பு மகன் வீரமலைக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சி ரெங்கம்மாளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் சுகமாக இருக்கிறாயா என்பதுதான் எங்களுக்கு விசாரம். கம்பளி வாங்கினானா இல்லையா என்று உன் அம்மா ஓயாமல் என்னைக் கேட்கிறாள், என்னமோ நான்தான் ரூர்கேலா உருக்காலையில் உட்கார்ந்திருப்பது மாதிரி. ரெங்கம்மாளைப் பெண் பார்க்க லால்குடியிலிருந்து தை பிறந்ததும் வருகிறார்களாம், பையன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை, குணம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஏகாதசிக் கூட்டத்தில் கடையில் கை ஓயவில்லை. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு ஊர்க்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை அப்பா.

உன் ஆபீசர் ஸ்ரீரங்கராஜனும் அவர் அம்மா கமலவல்லி அம்மாளும் ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வந்த இடத்தில், நீ எழுதியிருந்தபடியே நம் வீட்டுக்கும் வந்தார்கள். சாயங்காலம் வருவார்கள் என்று நினைத்திருந்தேன், காலையிலேயே ஜட்காவிலிருந்து இறங்குகிறார்கள். நான் வாசலில் பலகையைப் போட்டு, கறுப்புத் தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்துக் கடைக் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். சவரக்காரன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார்களோ மாட்டார்களோ, முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டால் அங்கே உனக்கு என்ன மரியாதை இருக்கும் என்று புத்தி எங்கெங்கோ ஓடியது. கத்திகளைத் துண்டால் மூடிவிட்டேன், கல்லை மூட நேரமில்லை. அவர் குனிந்து பார்த்து, “வழவழன்னு நன்னா இருக்கே, சந்தனம் இழைக்கற கல்லா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாம் என்றேன். அதோடு விட்டேனா, கோயில் கடைகளுக்குச் சந்தனம் இழைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். உன் ஆபீசர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கோயில் ரெங்கவிலாச மண்டபத்துக் கடையில் வாங்கிய சந்தனக்கட்டையைப் பையிலிருந்து எடுத்து, காவேரித் தண்ணீரில் இழைத்ததைக் கொண்டுபோய் அங்கே எங்காத்துப் பெருமாளுக்குச் சாத்துகிறேன், கொஞ்சம் இழைத்துக் கொடுங்கோ என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். உட்கார்ந்து இழைத்தேன். தீட்டுக்கல்லில் சந்தனம் எங்கே வரும், வழுக்குகிறது, வந்ததும் சாம்பல் நிறமாகக் கத்திக் கறையோடு வந்தது. எத்தனையோ பேர் தாடியை வழித்த கத்தி உரசிய கல். அதை உருட்டி வாழையிலையில் மடித்து என் கையாலேயே கொடுத்தேன். உன் அம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜைக்கு அந்தக் கல்லைக் கழுவிப் பொட்டு வைத்து விழுந்து கும்பிடுகிறவன் நான். கல்லில் ஒரு குற்றமும் இல்லை அப்பா. மோர் கொடுத்தோம், அந்த அம்மாள் வாங்கிக் குடித்தார். குடித்ததைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கேவலமாகிவிட்டது.

வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனேன். அம்மாளை வண்டியில் உட்கார வைத்துவிட்டு உன் ஆபீசர் என்னைத் தனியாக அழைத்து, துணியில் சுற்றி நீ கொடுத்தனுப்பிய சவரக் கத்தியைக் கொடுத்தார். “இது உங்க பையனோடது. அப்பா தீட்டினாத்தான் சரியா வரும்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருப்பான். உங்களுக்குத் தெரிஞ்சவா யாராவது இருந்தா குடுத்துத் தீட்டி அனுப்பிடுங்கோ” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் யார் என்று தெரிந்துகொண்டே எனக்கு இடம் விட்டுச் சொல்கிறார் என்று புரிந்தது. அப்போதும் இந்த வாய், “சரிங்க, தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்காரு” என்றது. வண்டி போன பிறகு பிளாட்பாரத்தில் வெகு நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து, எல்லாம் அவனுக்காகத்தான் சொன்னேன் என்று உன் அம்மாவிடம் வாதாடினேன். அவன் கேட்டானா என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை, சோற்றை மட்டும் வைக்கிறாள். கல்லை எத்தனை தேய்த்தும் வாசனை போகவில்லை, கடைக்கு வருகிறவர்கள் புது சோப்பா என்று கேட்கிறார்கள், சிரித்து மழுப்புகிறேன்.

உன் கத்தியைத் தீட்டிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ கத்தியின் முதுகைத் தூக்கித் தூக்கித் தீட்டி விளிம்பை உருட்டி வைத்திருந்தாய். இனிமேல் கத்தி கல்லில் படுத்தபடியே போகட்டும், அழுத்தாதே, பிறகு தோல்வாரில் இழு. ஈரத்தோடு மடக்கி வைக்காதே, துரு பிடிக்கும்.

அவர்கள் மெட்ராஸில் உறவுக்காரர் வீட்டில் பொங்கல் முடித்துக்கொண்டுதான் அங்கே வருகிறார்களாம். அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும். வந்ததும் நீ நேரே போய் அந்த அம்மாளிடம், அது எங்கள் அப்பா கத்தி தீட்டுகிற கல், அவர் பொய் சொல்லிவிட்டார் என்று சொல். பெருமாளுக்குச் சாத்துவதும் தூக்கிப் போடுவதும் அவர் இஷ்டம், தெரியாமல் செய்ய விடக்கூடாது. எனக்காக ஒன்றும் பூசி மெழுகாதே. உனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே அவர் கையில் கொடுத்துவிடு என்று எழுத வந்தேன். உனக்கு என்ன கூச்சம், நீதான் அங்கே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாயே. பெற்ற அப்பன்தான் கூசிப்போனேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உலைக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது ஜாக்கிரதை. சமயபுரத்தாள் உன்னைக் காப்பாற்றுவாள். கம்பளி வாங்கிவிட்டதாக உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு கார்டு போடு, என் பேச்சை அவள் இப்போது நம்புவதில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
பிச்சைமுத்து
சவரத் தொழிலாளி